220 லிட்டரா, 130 லிட்டரா: செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டனூர் பக்கத்தில் உங்கள் ஐயா காலத்து வீடு. தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் முகப்பு, வளவைச் (வீட்டின் நடுவே முற்றத்தோடு இருக்கும் பெரிய கூடம்) சுற்றியுள்ள சுவர்கள், ஆறு அறைகள் இவற்றுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். உள்ளூர் பெயின்டர் 220 லிட்டர் ஆகும் என்கிறார். நீங்கள் இணையத்தில் தரைப் பரப்பு 2,400 சதுர அடி என்று போட்டுப் பார்த்தால் சுமார் 130 லிட்டர் வருகிறது. எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், செலவை நான்கு பங்காளிகள் பிரித்துக்கொள்கிறோம், நான்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. நாளைக்கு ஒரு பங்காளி "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் பதில் சொல்ல உங்களுக்கு ஒரு எண் மட்டும் போதாது. அந்த எண் எப்படி வந்தது என்பதும் கையில் இருக்க வேண்டும்.

நான் காரைக்குடியில் 26 வருடமாகப் பெயின்டிங் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். புது அபார்ட்மென்ட், கல்யாண மண்டபம், பழைய வளவு வீடு எல்லாம் செய்திருக்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட வளவு வீட்டில்தான் கணக்கு அதிகமாகத் தவறும். சுவரின் நீள அகலத்தை அளப்பதில் அங்கே தவறு வருவதில்லை. சுவர் என்ன ஜாதிப் பூச்சு என்று பார்க்காமல் கணக்குப் போடுவதில்தான் வருகிறது.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி. ஒரு லிட்டர் பெயின்டை 100 சதுர அடிக்குப் பரப்பினால், ஈரமாக இருக்கும்போது அதன் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிமன்தான். சுவரில் அதைவிட ஆழமான சொரசொரப்பு இருந்தால் பெயின்ட் முதலில் அந்தப் பள்ளங்களுக்குள் போகும், அப்புறம்தான் மேலே நிற்கும். பட்டி பார்த்து (மேடுபள்ளத்தை மாவு பூசிச் சமப்படுத்தி) உப்புத்தாள் போட்ட வழுவழுப்பான உள்சுவரில், நல்ல எமல்ஷன் (தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ட்) ஒரு லிட்டர் ஒரு கோட்டிங்குக்கு 100 முதல் 140 சதுர அடி வரை வரும். நான் கணக்குக்கு 110 என்று வைத்துக்கொள்வேன். இரண்டு கோட்டிங் என்றால் லிட்டருக்கு 55 சதுர அடி. வெளிச்சுவருக்கும் ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த பிறகு 55 என்றே எடுக்கலாம். இந்த எண்கள் தண்ணீர் கலக்காத பெயின்டுக்கு உரியவை. 20 லிட்டர் வாளியில் எட்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அது 28 லிட்டர் பெயின்ட் ஆகிவிடாது. அதிகத் தண்ணீர் கலந்தால் பரப்பு கூடுவதுபோல் தெரியும். ஆனால் இரண்டாவது கோட்டிங்கிலும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும், மூன்றாவது கை அடிக்க வேண்டி வரும்.

இணையக் கணக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். தரைப் பரப்பை மூன்றால் பெருக்கியிருக்கிறார்கள்: 7,200 சதுர அடி. அதை 55-ஆல் வகுத்தால் 131 லிட்டர். பத்தடி உயரச் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள அபார்ட்மென்டுக்கு மூன்று, மூன்றரை என்று பெருக்குவது ஓரளவு ஒத்துவரும். நம் ஊர் வீட்டுக்கு ஒத்துவராது. உங்கள் அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 9 அடிக்கு 11 அடி, உயரம் 12 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். தரை 99 சதுர அடிதான். சுவரோ நான்கு பக்கமும் சேர்த்து 480. கூரையை விட்டுவிட்டாலும் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வளவு நேர்மாறு. 48-க்கு 38 என்றால் தரை 1,824 சதுர அடி, சுவர் 13 அடி உயரத்துக்கு எடுத்தாலும் 2,236. ஒன்றேகால் மடங்குகூட இல்லை. ஒரே வீட்டுக்குள் ஒரு இடத்தில் ஐந்து மடங்கு, இன்னொரு இடத்தில் ஒன்றேகால். எந்தப் பெருக்கு எண்ணும் இதற்குச் சரிப்படாது. அதோடு மரச்சட்டமும் பலகையுமாக இருக்கும் உங்கள் மச்சுக்குப் பெயின்டே கிடையாது, இணையக் கணக்கு அதையும் சேர்த்துக்கொள்கிறது. முகப்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் அளவுகளையே வைத்து நேராகப் போடுவோம். ஒரு அறைக்குச் சுவர் 480, கதவும் ஜன்னலும் 40 போக 440. ஆறு அறைக்கு 2,640 சதுர அடி. வளவுச் சுவரில் அறைக் கதவுகள், இரண்டு பெரிய நிலைகள், ஜன்னல்கள் எல்லாம் கழித்தால் சுமார் 2,000. முகப்பு 56 அடி அகலம், 22 அடி உயரம், அதாவது 1,232. திறப்புகள் போக 1,000. ஆனால் முகப்பு தட்டையான சுவர் இல்லை. சுதை வேலை, வளைவு, தூண் தலைப்பு, வரி வரியாக ஓடும் கார்னிஸ் எல்லாம் இருக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் புகைப்படத்தைப் பார்த்து நான் 1.4 மடங்கு வைக்கிறேன், 1,400 ஆகிறது. மேலே கைப்பிடிச் சுவர் 56 அடிக்கு மூன்றரை அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 392. கும்பக்கால் (குடம் போல வளைந்த சின்னத் தூண்) வரிசை என்பதால் ஒன்றரை மடங்கு, கிட்டத்தட்ட 590. முகப்பு மொத்தம் 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து 6,640 சதுர அடி, 55-ஆல் வகுத்தால் 120 லிட்டர் சொச்சம். இதில் அறைக்கும் வளவுக்கும் போட்ட பரப்பு டேப் பிடித்துச் சரிபார்க்கக்கூடியது. முகப்புக்கு நான் போட்ட 1.4, ஒன்றரை இரண்டும் என் கைப்பழக்கக் கணக்கு. நேரில் சாரத்தின் மேல் ஏறிப் பார்த்தால் 1.3 என்றும் சொல்வேன், 1.7 என்றும் சொல்வேன்.

பெயின்டரின் 220 எங்கிருந்து வந்தது? 6,640 சதுர அடிக்கு இரண்டு கோட்டிங், 13,280. அதை 60-ஆல் வகுத்துப் பாருங்கள், 221. ஒரு கோட்டிங்குக்கு லிட்டருக்கு 60 சதுர அடிதான் போகும் என்று அவர் கணித்திருக்கிறார். ப்ரைமர் இல்லாத, தாகமுள்ள பழைய சுவரில் நேரடியாக எமல்ஷன் அடித்தால் அவ்வளவுதான் போகும். ஆகவே அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சுவரைப் பார்த்து, அது எவ்வளவு குடிக்கும் என்று அவர் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தாகத்தை விலை கூடிய எமல்ஷனால் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு கோட்டிங் ப்ரைமர் அதைத் தீர்க்கும். அறைகளுக்கு ப்ரைமர் லிட்டருக்கு 90 என்று எடுத்தால் 30 லிட்டர், முகப்புக்கு 80 என்று எடுத்தால் 25 லிட்டர். வளவை ஏன் இதில் சேர்க்கவில்லை என்பதைக் கீழே சொல்கிறேன். இதை அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "அண்ணே, ப்ரைமர் சேர்த்தா, சேர்க்காமலா 220 சொன்னீங்க?" பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். கூலிக்கு அவர் அளக்கும் பரப்பும் பெயின்டுக்கு நீங்கள் அளக்கும் பரப்பும் ஒன்றாக இருக்காது, அதையும் இப்போதே பேசிவிடுங்கள். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1200 அளவு முறையில்கூட அரை சதுர மீட்டர் வரையுள்ள சின்னத் திறப்புகளைக் கழிப்பதில்லை. ஓரம் வெட்டி அடிக்கும் உழைப்புக்கு அது நியாயம்தான்.

இனி நான் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். வளவுச் சுவர் "பளபளவென்று, தொட்டால் சில்லென்று, ஆனால் மங்கிப் போய்" இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம் ஊர் முட்டைப் பூச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்த தண்ணீரில் காரை குழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசி மாவுப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. அதன்மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது. பெயின்ட் பிடித்துக்கொள்ள அதில் சொரசொரப்பு கிடையாது. பிடிக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால், அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவர இன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில், கல்யாண அவசரத்தில், சொந்தக்காரர் பிடிவாதமாக நின்றதால் அப்படியொரு சுவரில் நான் எமல்ஷன் அடித்துக் கொடுத்தேன். அடுத்த கார்த்திகை மழையில் அப்பளம் மாதிரி எழும்பி, விரல் வைத்தால் கையளவு கையளவாக உரிந்து வந்தது. நான் மறுத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அந்த வேலையை யார் கேட்டாலும் எடுப்பதில்லை.

சுவர் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து விரலால் சுவரில் தெளியுங்கள். முட்டைப் பூச்சு என்றால் துளி முத்துப்போல் நின்று, மெதுவாகக் கீழே வழியும். வெள்ளையடித்த சுவர் என்றால் துளி விழுந்த இடம் உடனே கறுத்து உள்ளே போய்விடும், உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டும். ஏற்கனவே எமல்ஷன் அடித்த சுவரில் துளி நிற்கும், ஆனால் கைக்கு அந்தச் சில்லிப்பு இருக்காது. நகத்தால் கீறினால் தோல் போல் மடிந்து வரும். இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்து நிறுத்திவிட வேண்டாம். ஒரே சுவரில் கீழே ஐந்தடி முட்டைப் பூச்சும் அதற்கு மேலே வெறும் வெள்ளையும் இருக்கும் வீடுகளும் உண்டு.

முட்டைப் பூச்சுதான் என்று உறுதியானால் அதற்கு வேண்டியது பெயின்ட் இல்லை. மிருதுவான பருத்தித் துணி, சுத்தமான தண்ணீர், நான்கைந்து நாள் பொறுமை, அவ்வளவுதான். சோப்புத் தூளும் ஆசிடும் பக்கத்திலேயே வரக்கூடாது. மேலிருந்து ஒரு முழம் ஒரு முழமாகத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து இறங்குங்கள். நூறு வருட அழுக்குக்குக் கீழே அந்தப் பால் வெளுப்பு தெரியும்போது உங்கள் பங்காளிகளே வந்து நின்று பார்ப்பார்கள். கணக்கிலும் 2,000 சதுர அடி கழிந்து, 120 லிட்டர் 84 ஆகிவிடும்: அறைகளுக்கு 48, முகப்புக்கு 36. வளவைத் துடைக்கும் கூலியைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அறைகளில் கையில் பொடி ஒட்டினால் இன்னொரு முடிவு எடுக்க வேண்டும். பல கல்யாணங்களுக்கு அடித்த வெள்ளை, அடுக்கடுக்காக அங்கே இருக்கும். அதன்மேல் அப்படியே எமல்ஷன் அடித்தால், எமல்ஷன் வெள்ளையைத்தான் பிடித்துக்கொள்ளும். சுவரைப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்தே உரியும். நன்றாகச் சுரண்டி, கழுவி, உலரவிட்டு, ப்ரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன். இல்லையென்றால் மறுபடியும் வெள்ளையே அடியுங்கள். என் யோசனை வெள்ளையடிப்பதுதான். சுண்ணாம்புக் காரைச் சுவர் தரையிலிருந்து ஓதத்தை (ஈரத்தை) இழுத்து, காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். எமல்ஷன் அந்த வழியை அடைத்துவிடுவதால் உப்பு உள்ளுக்குள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளும். எல்லா அறையிலும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. வெயில்படும், காற்றோட்டமுள்ள, ஓதமில்லாத அறையில் எமல்ஷன் பத்து வருடம் நின்றும் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆறு அறையில் எது எந்த வகை என்பதைப் புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறை ஏறியிருக்கும் அறையை மட்டுமாவது வெள்ளைக்கு விட்டுவிடுங்கள்.

எமல்ஷன்தான் என்று முடிவானால், மொத்தப் பெயின்டும் வாங்கும் முன் ஒரு லிட்டர் மட்டும் வாங்கி ஒரு சோதனை செய்யுங்கள். ப்ரைமர் அடித்து உலர்ந்த சுவரில் 10 அடி நீளம், 5 அடி உயரம், ஆக 50 சதுர அடியைப் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். புது ரோலரை முதலில் பெயின்டில் நனைத்துப் பிழிந்துவிடுங்கள், ஏனென்றால் புது ரோலரே கணிசமாகக் குடிக்கும், அது உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு தண்ணீர் கலக்காத பெயின்டை அரை லிட்டர் குடிதண்ணீர் பாட்டிலில் சரியாக அளந்து தட்டில் ஊற்றி, பெயின்டர் வழக்கமாகக் கலக்கும் தண்ணீரைக் கலந்து, அந்தக் கட்டத்தை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். அரை லிட்டரும் சரியாகத் தீர்ந்தால் லிட்டருக்கு 100. பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் 111. கட்டம் முடியும் முன்பே தீர்ந்து இன்னும் கால் லிட்டர் கேட்டால் லிட்டருக்கு 67 என்று அர்த்தம், உங்கள் பெயின்டர் சொன்ன 60-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அடுத்த நாள் இரண்டாவது கோட்டிங்குக்கும் இதே மாதிரி அளங்கள், முதல் கையைவிடக் குறைவாகவே பிடிக்கும். இந்த இரண்டு எண்ணையும் தேதி போட்டு நோட்டில் எழுதி, அளக்கும்போது ஒரு பங்காளியையாவது பக்கத்தில் நிற்க வையுங்கள். நான் சொன்ன 110-ஐவிட, இணையம் சொன்ன எதையும்விட, உங்கள் சுவரே சொன்ன எண் அது.

நிறம் பற்றியும் ஒன்று. மஞ்சள், சிவப்பு வகை அடர் நிறங்கள் கீழே உள்ளதைச் சீக்கிரம் மறைக்காது. முகப்புக்கு நல்ல அடர் மஞ்சள் என்று ஆசைப்பட்டால் மூன்று கோட்டிங் என்றே வையுங்கள், 36 லிட்டர் 54 ஆகும். மெஷினில் அடர் நிறம் கலக்கும் வாளியில் நிறமிக்கு இடம் விட்டுக் கொஞ்சம் குறைவாகத்தான் நிரப்பியிருப்பார்கள், அதனால் வாளியின் மேல் அச்சடித்த நிகர அளவைப் பார்த்துக் கணக்கு எழுதுங்கள்.

கதவு, நிலை, தூண் எல்லாம் பர்மாத் தேக்கு என்றால் அதில் எனாமல் படவே வேண்டாம். துடைத்து ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்தால் போதும். ஜன்னல் கம்பிக்கும் இரும்புக் கிராதிக்கும் மட்டும் எனாமல். கம்பி ஜன்னலின் முழுப் பரப்பை ஒருமுறை எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் அதுவே சரியாக வரும். ஏற்கனவே பெயின்ட் அடித்த சாதாரண மரக் கதவுகள் பின்கட்டில் இருந்தால், பலகை பதித்த கதவுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.3 மடங்கு என்று எடுங்கள்.

வாங்கும் முறையில்தான் பணம் மிச்சமாகும். நிறம் கலந்த பெயின்டைக் கடையில் திரும்ப எடுக்கமாட்டார்கள். அதனால் அறைகளுக்கு 48-ஐயும் ஒரே நாளில் வாங்காமல், முதலில் 40 வாங்கி, நான்கு அறை முடிந்ததும் மிச்சத்தைப் பார்த்து வாங்குங்கள். அறைக்கு அறை வாளி மாறினால் யாருக்கும் தெரியாது, ஒரே அறைக்குள் மாறினால்தான் தெரியும். முகப்புக்கு அப்படிச் செய்யாதீர்கள். அது ஒரே பார்வையில் விழும் சுவர். 40 லிட்டரையும் ஒன்றாக வாங்கி, பெரிய டிரம்மில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டு அடியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் பள்ளத்தூரில், முன்பே பெயின்ட் அடித்திருந்த ஒரு வளவில், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடி வரும் என்று டப்பாவில் அச்சடித்த கணக்கை நம்பி வாங்கி, தெற்குச் சுவரில் பாதியில் தீர்ந்துபோனது. அதே நிற எண், அதே நிறம் என்று கடையில் வாங்கி வந்து முடித்தேன். காலையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்று மணிக்கு வளவு வாசல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்ததும் அந்த வீட்டு ஆச்சி கேட்டார்கள்: "தம்பி, இந்தச் சுவரு மட்டும் ஏன் வாடியிருக்கு?" மூலை வரை முழுச் சுவரையும் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

நாள் கணக்கும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முகப்பைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் வளவைத் துடைப்பது, அறைகளைச் சுரண்டுவது, தண்ணீர்ச் சோதனை எல்லாம் செய்யலாம். சுரண்டத் தொடங்கும் முன் ஆத்தங்குடிக் கல் தரை மேல் பழைய சாக்கும் அதற்கு மேல் பிளாஸ்டிக் தாளும் விரித்துவிடுங்கள். சுரண்டிய தூள் காலில் மிதிபட்டால் உப்புத்தாள் போலத் தேய்த்து அந்தப் பூவேலையின் மினுமினுப்பை எடுத்துவிடும். மழை விட்டு ஒரு வாரம் நல்ல வெயில் காய்ந்ததும் மார்கழியில் முகப்புக்குச் சாரம் கட்டினால் தைக்குள் தாராளமாக முடியும்.

முகப்புப் பெயின்டில் மிஞ்சுவது மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். அதையும் அறைப் பெயின்டில் ஒரு லிட்டரையும் காற்றுப் புகாமல் மூடி, நிற எண், வாங்கிய தேதி, எந்த இடத்துக்கு அடித்தது என்பதை டப்பா மேலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். பந்தல் கயிறு உரசிய இடம், தோரணத்துக்கு ஆணி அடித்த இடம், சந்தனக் கை பட்ட இடம் எல்லாம் கல்யாணத்துக்கு மறுநாள் வெளிச்சத்தில்தான் தெரியும். அன்றைக்கு ஒரு சின்ன பிரஷ்ஷும் அந்த டப்பாவும் போதும்.